வால்வு மாற்றிய பிறகு ரத்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது?

இதய வால்வு மாற்று அறுவை முடிந்த மூன்றாம் நாள். லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 160 என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 5-க்குக் கீழ்' என்றும் அச்சாகியிருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அன்றிரவு தூக்கம் வராது. ஆனால் நோயாளி தேறிவருகிறார் என்றால், அந்த 160-க்காகப் பயப்படத் தேவையில்லை. அதே ஆளுக்கு மூன்று மாதம் கழித்துக் காய்ச்சலோடு 60 வந்தால்தான் பயப்பட வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, எந்த நாளில் வந்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

மூன்றாம் நாள் உச்சம்

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டார்கள். உடலில் எங்கே காயம் பட்டாலும் கிருமி புகுந்தாலும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் கல்லீரலைத் தூண்டும். சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும்.

வால்வு அறுவையில் நெஞ்செலும்பைப் பிளக்கிறார்கள். உடலின் ரத்தம் முழுவதும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்கள் வழியே ஓடித் திரும்புகிறது. இத்தனைக்கும் பிறகு அழற்சி என்ற இந்த எதிர்வினை ஏற்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சி.ஆர்.பி. 100-ஐத் தாண்டி உச்சத்துக்குப் போவது வழக்கம். தூண்டுதல் நின்றதும் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் நான்காம், ஐந்தாம் நாளில் இறங்குமுகம் தெரிய வேண்டும். இறங்கிய எண் மறுபடி ஏறினால் நுரையீரல், தையல் போட்ட இடம், சிறுநீர்க் குழாய் என்று மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். பல வாரம் உயர்ந்தே கிடக்கும். இந்தக் கட்டத்தில் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வைப் பொருத்தும் 'டாவி' முறையில் இந்த ஏற்றம் பொதுவாகக் குறைவு. 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே தொடங்கி வைத்த முறை இது.

அறுவைக்கு முன்பே உயர்ந்திருந்தால்

சாதாரண ரத்த அணுப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரண்டு வகை வெள்ளையணுக்களின் சதவீதம் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். 60-ம் 30-ம் என்றால் விகிதம் 2. வால்வு மாற்றத்துக்கு முன்பே இந்த விகிதமோ சி.ஆர்.பி.யோ உயர்ந்திருந்தவர்கள், பின்னாளில் சராசரியாகக் கூடுதல் சிக்கல்களைச் சந்தித்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சராசரி என்பது தனி ஒருவரின் தலைவிதி ஆகாது. முதுமைத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு, மறைந்திருக்கும் தொற்று என எது வேண்டுமானாலும் அந்த எண்ணுக்குக் காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையே நியூட்ரோஃபிலை உயர்த்திவிடும். அவசரம் இல்லாத அறுவை என்றால் காரணத்தைத் தேட நேரம் இருக்கிறது. சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்துகொள்வது மிக நல்லது.

எண்ணை இறக்கினால் போதுமா?

அழற்சிதான் கெடுதல் என்றால் அதை மருந்தால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். மருத்துவ உலகம் இதை முயன்று பார்த்துவிட்டது. இதய அறுவையின்போது ஸ்டீராய்டு கொடுத்து இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்று நெதர்லாந்தில் 4,494 பேரிடம். முடிவு 2012-ல் வெளியானது. மற்றொன்று 18 நாடுகளில் 7,507 பேரிடம், 2015-ல் வெளியானது. இரண்டிலுமே மரணங்கள் தெளிவாகக் குறையவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'அழற்சி குறைக்கும்' என்று விற்கும் பொடிகளையும் மஞ்சள் சத்து மாத்திரைகளையும் அக்கறையோடு வாங்கித் தரும் உறவினர்கள் நம் வீடுகளில் உண்டு. உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறவர். அதோடு இவற்றையோ, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையோ மருத்துவரைக் கேட்காமல் சேர்த்தால் ரத்தக்கசிவு வரை போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் காய்ச்சல்

செயற்கை வால்வில் கிருமி குடியேறுவது அரிதுதான். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அது பெரிய ஆர்ப்பாட்டத்தோடு வருவதில்லை. மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, இளைப்பு. 'வைரல் ஃபீவர்' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் நான்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய விபரீதம். காய்ச்சல் தற்காலிகமாகத் தணியும். வால்வில் ஒட்டிய கிருமி சாகாது. ஆனால் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது சிக்காமல் தப்பித்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமல் பல வாரச் சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுப்பது? போதாததற்கு, சில ஆன்டிபயாடிக்குகள், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவையும் எகிறவைக்கும்.

எனவே காய்ச்சலோடு போகும்போது, மருத்துவரிடம் முதல் வார்த்தையாக 'வால்வு மாற்றியவர்' என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாக வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை எடுப்பார்கள். எக்கோவும் தேவைப்படும். சி.ஆர்.பி. அதிகம் ஏறவில்லை என்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள். ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள்: சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் தருகின்றன. முதலாவதில் 160 என்றால், இரண்டாவதில் அதுவே 16.