மருந்து இருந்தும் மூச்சுத் திணறல் ஏன்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,



மழைக்காலமும் பனிக்காலமும் வந்துவிட்டால், நடு இரவில் நம் மருத்துவமனைக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்களில் பலர் ஆஸ்துமா நோயாளிகள். ஆக்ஸிஜனும் நெபுலைசரும் வைத்தபின் மூச்சு மெல்லச் சீராகிறது. அப்போது, "கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுத்தீர்களா?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் தலை குனிந்துகொள்கிறார்கள்.

இது சிறிய காரியமல்ல. 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கு ஆஸ்துமா உண்டு. உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் நம் நாட்டவர். ஆனால் இந்நோயால் மரிப்பவர்களிலோ பத்தில் நான்கு பேருக்குமேல் நம்மவர்கள். நல்ல மருந்து இருந்தும் ஏன் இந்த நிலை?

"இப்போது நன்றாக இருக்கிறேனே"

முதல் காரணம் இதுதான். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் வீங்கியிருக்கிறது. இழுப்பு இல்லாத நாட்களிலும் அந்த வீக்கம் முழுவதும் மறைவதில்லை. அதைத் தணிப்பது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் பலன் தெரியப் பல நாட்களாகும். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்புடமால் இன்ஹேலரோ சில நிமிடங்களில் சுகம் தரும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதில்லை. எனவே மக்கள் உடனே சுகம் தருவதை வைத்துக்கொண்டு, உயிர்காக்கும் மருந்தை விட்டுவிடுகிறார்கள். சால்புடமாலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் தெளிவாகவே எச்சரிக்கிறது.

பயமும் வெட்கமும்

"இன்ஹேலர் கடைசிக் கட்ட மருந்து, பழகிவிட்டால் விட முடியாது" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. உண்மை வேறு. சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் இரண்டு முறை இழுத்தால் 200 மைக்ரோகிராம்; அதாவது இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதுமானது. ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கலியாண வயதில் பெண் இருக்கும் வீடுகளில் இன்ஹேலர் பீரோவுக்குள் ஒளிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்! மகள் புகுந்த வீட்டிலும் மருந்தில்லாமல் மூச்சு வாங்குகிறாள்.

கூலியும் பயிற்சியும்

மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் செலவு வேறு. ஆகவே இன்ஹேலர் தீர்ந்ததும் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறார்கள். இன்னும் பலருக்கு அதை இழுக்கும் முறையை ஒருவரும் செய்து காட்டியதில்லை. மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளே இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். தவறினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஸ்பேசர் குழாய் இருந்தால் இது எளிது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசரும் இழுப்பு வந்த பிள்ளைகளுக்கு நன்றாகப் பயன்படுவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் காட்டினார்கள்.

விசுவாசத்தின் பெயரால்

சபையாரோடு அன்போடு ஒன்று பேச வேண்டும். "எனக்காக ஜெபித்தார்கள், இனி மருந்தைத் தொட்டால் அவிசுவாசம்" என்று நிறுத்திவிடும் விசுவாசிகளும் எங்களிடம் வருகிறார்கள். கர்த்தர் சுகமளிக்கிறவர் என்று நாங்களும் அறிக்கையிடுகிறோம். ஆனால் ஜெபத்தையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நாங்கள் நிறுத்துவதில்லை. இரண்டும் அவர் கரத்திலிருந்தே வருகின்றன. போதகர்களே, வியாதியஸ்தருக்காக ஜெபித்தபின், "மருந்தையும் தவறாமல் எடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பத்து வார்த்தைகளைவிட உங்களுடைய அந்த ஒரு வார்த்தைக்கு அதிகம் செவிகொடுப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, தொடர்ந்து பராமரிக்கச் சொன்னான். திரும்பி வருவதாகவும் சொன்னான். ஆஸ்துமா நோயாளிக்குத் தேவையானது அந்த இரண்டாவது ஊழியம். இரவில் நெபுலைசர் வைப்பது ஒரு மணி நேர வேலை. அவர் மறுபடியும் அப்படி வராதபடி காப்பது வருடக்கணக்கான வேலை. உங்கள் காணிக்கை ஓர் ஏழைத் தாய்க்கு மாதந்தோறும் இன்ஹேலராகவும், ஒரு பிள்ளைக்கு ஸ்பேசராகவும், பொறுமையாக உட்கார்ந்து இழுக்கக் கற்றுக்கொடுக்கும் நர்ஸின் நேரமாகவும் மாறுகிறது.

மருந்தை விட்டுவிட்டவர்கள் கடிந்துகொள்ளப்படுவோமோ என்று பயப்படாமல் திரும்பி வரவும், பனிக்கால இரவுகளில் எங்கள் ஊழியர்கள் சோர்ந்துபோகாதிருக்கவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் அன்பின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்