பன்னிரண்டு போர் என்றால் என்ன?

சின்ன வயதில் 'பன்னிரண்டு போர்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு, பன்னிரண்டு குண்டு போடும் துவக்கு என்றே நினைத்திருந்தேன். அது ஒரு எடைக்கணக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஒன்று பொருந்தும் குழல்தான் 12 போர். எண் குறையக் குறைய குழல் பெருக்கும்.

வாய்வழியே மருந்து இடிக்கும் இடியன் காலத்தில், பெரிய மிருகத்துக்குப் போனவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் யானைக்கு 4 போர் றைபிளும் வைத்திருந்தார். அதன் குண்டு கால் இறாத்தல், ஏறத்தாழ 113 கிராம். 12 போர் குண்டு 38 கிராம்தான். விட்டம் ஒன்றரை மடங்குகூட இல்லை, எடையோ மூன்று மடங்கு! உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஆழம் போக எடைதான் வேண்டும். போதாவிட்டால் மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடும்.

இன்று வன்னிக் காட்டில் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கம்பியில் தட்டுவது பன்றியா, யானையா, விறகுக்குப் போன மனிசரா என்று அதற்குத் தெரியாது. மனிசரின் காலும் போகும், யானையின் முழங்காலும் போகும். மிதிவெடிக்காவது மண்டையோட்டுப் பலகை நட்டார்கள். இதற்கு அதுவும் இல்லை.