பட்டணத்துக் குப்பை தோட்டத்து வாசலில்

"கெட்டும் பட்டணம் போ" என்றார்கள் நம் முன்னோர். இன்றோ, பட்டணத்தில் கெட்டுப் போனதெல்லாம் தோட்டப்புறம் தேடி வருகிறது! ஜார்ஜ் டவுனில் தின்று மீந்த சோறும், மீன் முள்ளும், பிளாஸ்டிக் பையும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தீவின் வீட்டுக் குப்பை முதலில் பத்து மாவுங்கில் உள்ள மாற்று நிலையத்திற்குப் போகிறது. அங்கிருந்து கடல் கடந்து பெருநிலத்துக்கு வருகிறது. செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ள புலாவ் புருங்தான் அதன் கடைசி இடம். பெயருக்குப் பொருள் 'பறவைத் தீவு'. செபராங் பிறையின் குப்பையும் அங்கேதான். நாளொன்றுக்கு 1,500 டன்னுக்கும் மேல் வந்து குவிகிறது. பைராம், கலிடோனியா, சங்காட் என்று தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் ரப்பரும் செம்பனையும் வளர்த்த வட்டாரம் அது.

புகை சூழ்ந்த ஆண்டு

2022 ஜனவரியில் புலாவ் புருங் தீப்பற்றியது. வடமாநிலங்களில் அது வறண்ட பருவம். மேலே தண்ணீர் பாய்ச்சினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. வாரக்கணக்கில் புகை. அக்கம் பக்கத்துப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமோ?

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தீவிலும் நெருப்பு. கடலோரத்து ஜெலுத்தோங் குப்பை மேடு நாட்கணக்கில் எரிந்தது. கட்டடக் கழிவும் தோட்டக் கழிவும் கொட்டும் இடம் அது. பட்டணத்தாருக்கும் அப்போதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது.

குப்பை ஏன் தானே பற்றிக்கொள்கிறது? மலேசிய வீடுகளில் சேரும் குப்பையில் ஏறக்குறையப் பாதி உணவுக் கழிவு. காற்றுப் புகாமல் அது அடியில் அழுகும்போது மெத்தேன் என்ற வாயு உண்டாகிறது. எளிதில் தீப்பற்றக்கூடிய வாயு அது. அழுகல் நீரோ கறுத்து வடிந்து, தடுப்பு இல்லாவிட்டால் மண்ணிலும் ஆற்றிலும் கலக்கிறது. இதைக் குறைக்கவே ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மேட்டின் அடியில் குழாய்களைப் பதித்து, கழிவு நீர் வெளியேறவும் காற்று உள்ளே போகவும் வழி செய்வது. புலாவ் புருங்கிலும் அந்த முறை வந்தது. ஆனாலும் நெருப்பு வந்துவிட்டதே!

அடுத்த இடம் எது?

ஓர் இடம் நிரம்பினால் வேறோர் இடம் தேடுவதுதான் வழக்கம். எங்கே தேடுவார்கள்? மாளிகைகள் உள்ள மலையடிவாரத்திலா? நிலம் மலிவான இடத்தில், எதிர்த்துக் கேட்க ஆள் குறைந்த இடத்தில்தான் தேடுவார்கள். இது உலகெங்கும் நடக்கும் கதை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு, நச்சு எண்ணெய் கலந்த மண்ணைப் புதைக்க வாரன் என்ற மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பின ஏழை மக்கள் மிகுந்த மாவட்டம் அது. மக்கள் லாரிகளை மறித்துச் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். மண் என்னவோ அங்கேயே புதைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி புதையவில்லை.

2006இல் அதே மாநிலத்தில் பெரிய குப்பை நிலங்கள் பல திட்டமிடப்பட்டன. வெளிமாநிலக் குப்பையும் வந்து குவியும் என்று மக்கள் அஞ்சினர். அப்போது சட்டமன்றம் ஒரு காரியம் செய்தது. புதிய குப்பை நிலங்களுக்கு ஓராண்டு பெர்மிட் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அந்த ஓராண்டை வீணாக்காமல் 2007இல் கடுமையான புதுச் சட்டத்தையும் கொண்டு வந்தது. பூங்காக்களுக்கும் வனவிலங்குக் காப்பிடங்களுக்கும் இத்தனை மைல் தள்ளித்தான் அமைக்க வேண்டும். டன்னுக்கு 2 டாலர் வரி கட்ட வேண்டும். ஏழைகள், சிறுபான்மையினர் தலையில் மட்டும் சுமை விழுமானால் பெர்மிட்டை மறுக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதினார்கள்.

நிறுத்தி வைப்பதன் பயன் இதுதான். அவசரத்தில் எடுக்கும் முடிவை ஆற அமர எடுக்கலாம். அதற்குள் குப்பையைக் குறைக்காவிட்டால் மட்டும் ஆபத்து. புதிய இடமும் இல்லாமல் பழைய மேடே மலையாக வளரும். கொழும்பின் மீத்தொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர். பண்டிகைச் சமையல் நடந்த வீடுகள் அவை.

பினாங்கினால் முடியாதா?

நம் நாட்டில் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு. 2007ஆம் ஆண்டுக் கூட்டரசுத் திடக்கழிவுச் சட்டத்தில் பினாங்கு சேரவில்லை. குப்பையை அதன் இரு மாநகர் மன்றங்களே கவனிக்கின்றன. துணிந்து முன்னே நடந்த மாநிலமும் அதுதான். இலவசப் பிளாஸ்டிக் பையை 2009இல் திங்கட்கிழமைகளில் நிறுத்தியது. 2011 முதல் எல்லா நாளும் நிறுத்தி, பைக்கு 20 காசு என்றது. 2017 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதைக் கட்டாயமாக்கியது. இவ்வளவு செய்த மாநிலம், புதிய குப்பை நிலத்திற்கு அனுமதி தருமுன் 'யார் வாசலில்?' என்றும் நின்று கேட்கலாம் அல்லவா?

நமக்கும் பங்குண்டு. குப்பை நிலம் அமைக்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். தோட்டத்துச் சங்கமோ, கோயில் குழுவோ, பள்ளிப் பெற்றோர் சங்கமோ ஒன்றுகூடி எழுதினால் மதிப்பு அதிகம். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டு, லாரி வந்தபின் அழுது பயனில்லை.

அடுத்தது அடுப்பங்கரை. எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சமையல் கழிவை எருவாக்கும்படி நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. லயத்துக் காலத்தில் நம் பாட்டிமார் செய்த எருக்குழிதான் அது! நிழலில் ஒரு குழி. காய்கறித் தோல் ஒரு படுகை, காய்ந்த இலை ஒரு படுகை, மேலே கொஞ்சம் மண். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மீனும் இறைச்சியும் வேண்டாம், எலி வரும். சில மாதங்களில் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் கறுத்த எரு கிடைக்கும். குப்பையைக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. திறந்த வெளியில் எரிப்பது குற்றம். அந்தப் புகையும் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும்.

மாநிலம் ஒரு கதவை மூடி யோசிக்கட்டும். பட்டணத்தார் தங்கள் குப்பையைத் தாங்களே பிரிக்கட்டும். நாமும் நம் பங்கைச் செய்துவிட்டு, தலை நிமிர்ந்து கேட்போம்: குப்பை எல்லாருடையது; புகை மட்டும் எங்களுக்கா?