இசைக்கலைஞர் திரைப்படங்களில் குறையுடைய தலைமக்கள்

கதைத்தலைவனிடம் குறை காட்டுதல் அவனை இழித்தல் ஆகாது. அக்குறை எங்கே வேர்கொண்டுள்ளது என்பதே பாத்திரப் படைப்பை மதிப்பிடும் உரைகல் எனலாம். அவ்வுரைகல் கொண்டு ஹாலிவுட்டின் இசைக்கலைஞர் படங்கள் மூன்றினை ஈண்டு ஆராய்வோம்.

மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய 'யங் மேன் வித் எ ஹார்ன்' 1950இல் வெளிவந்தது. டோரதி பேக்கர் 1938இல் எழுதிய புதினமே அதன் மூலம். 1931இல் இருபத்தெட்டு வயதிலேயே மறைந்த ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கின் இசை அப்புதினத்திற்குத் தூண்டுகோலாயிற்று. தலைவன் ரிக் மார்ட்டின் எவரும் எட்டாத உச்சச் சுரத்தைத் தன் டிரம்பெட்டில் எழுப்ப விழைகின்றான். அவ்விழைவே அவனைக் கலைஞன் ஆக்குகின்றது; அமைதியறியா அவ்விழைவே அவனை ஆசானினின்றும் பிரித்துக் குடியில் வீழ்த்துகின்றது. கலையும் குறையும் ஒரே வேரின் இரு கிளைகள். புதினத்தில் அவன் மடிகின்றான். படத்திலோ நலம் பெற்று மீண்டும் இசைக்கின்றான்.

ஆட்டோ பிரெமிங்கர் 1955இல் எடுத்த 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' வேறு வகையினது. சூதாட்டத்தில் சீட்டுப் பகிரும் ஃபிராங்கி, முரசுக் கலைஞனாக விரும்புகின்றான். போதை மருந்தோ தேர்வு நாளில் அவன் கைகளை நடுங்கச் செய்கின்றது. இப்பொருளை எடுத்தாண்டமையால் படத்திற்குத் தணிக்கை முத்திரை மறுக்கப்பட்டது. அவ்விதி 1956இல் தளர்த்தப்பட்டது. நெல்சன் ஆல்கிரனின் மூலப் புதினத்தில் ஃபிராங்கி தற்கொலை செய்துகொள்கின்றான். படத்தில் அவனும் மீள்கின்றான்.

இரு படங்களும் மூலத்தின் சாவை மாற்றின. எனினும் இரண்டையும் ஒருங்கே குறை கூறல் முறையன்று. ஃபிராங்கியின் குறை நோய். அது கலைக்குப் பகை. ஆதலின் நோய் நீங்கக் கலை தழைக்கும் என்பது இயல்பே. ரிக்கின் குறையோ கலையின் உயிர்த்துடிப்பு. அதனையும் நோய்போல் இறுதிச் சில நொடிகளில் தீர்த்து வைப்பது, அதுவரை படம் உணர்த்திய உண்மையை அதுவே மறுப்பதாகின்றது.

ஜீன் நெகுலெஸ்கோவின் 'ஹ்யூமரெஸ்க்' (1946) இவ்வகையில் துணிவுடையது. வயலின் கலைஞன் பால் போரே, தன்னை உயர்த்திய ஹெலனைவிட இசையையே பெரிதெனக் கொள்கின்றான். அவன் வாசிப்பு வானொலியில் ஒலிக்க, அவள் கடலுள் நடந்து மறைகின்றாள். அவன் குறை தீரவில்லை; அதன் விலையைப் பிறள் ஒருத்தி செலுத்துகின்றாள்.

கலைக்கு விலை உண்டு என்பதை மூன்று படங்களும் அறிந்திருந்தன. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதை மறையாது காட்டியது 'ஹ்யூமரெஸ்க்' என்பதே நம் முடிவு.