படத்துக்கு அடையாளக் குறி, கட்டுரைக்கு?

2026 பிப்ரவரி 10 அன்று ஒன்றிய அரசு அறிவிக்கை செய்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் திருத்தம், கணினி ஆக்கும் படம், காணொளி போன்றவற்றுக்கு அடையாளக் குறியைக் கட்டாயமாக்கி, பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், கொச்சியின் காக்கநாட்டிலிருந்து வரும் வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே ஐயம் எழுப்பப்படுகிறது: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய அறிவியல் கட்டுரைக்கும் அடையாளக் குறி இட வேண்டுமா?

வேண்டியதில்லை. ‘செயற்கையாக உருவாக்கப்பட்ட தகவல்’ என்று விதி வரையறுப்பது, உண்மையான மனிதராகவோ நிகழ்வாகவோ தோன்றும்படி கணினி ஆக்கித் தரும் ஒலி, படம், காணொளி ஆகியவற்றையே. மக்களை ஏமாற்றத்திலிருந்து காப்பதே நோக்கம் என்று அரசு சொல்கிறது. ஆனால் அறிவியல் செய்தி பெரும்பாலும் பிழைபடுவது எழுத்தில்தான், அந்த எழுத்தோ வரையறைக்கு வெளியே நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் 643 கொள்கலன்களில் 12இல் கால்சியம் கார்பைடு இருந்தது. தண்ணீர் பட்டால் அது எளிதில் தீப்பற்றும் அசிட்டிலின் வாயுவை வெளியிடும். அக்கப்பல் வெடித்துச் சிதறுவதுபோல் உருவாக்கப்படும் பொய்க் காணொளி விதிக்குள் அடங்கும் என்றாலும், கார்பைடைச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கார்பனேட்டோடு குழப்பி, கரையொதுங்கும் கொள்கலனால் ஆபத்தில்லை என்று ஓர் இயந்திரம் எழுதித் தந்தால் அந்தப் பத்தி எந்தக் குறியுமின்றி உலா வரலாம். மொழி மாதிரி, அதாவது அடுத்து வரத்தக்க சொல்லை நிகழ்தகவின்படி தேர்ந்தெடுக்கும் மென்பொருள், அந்தத் தவற்றையும் தடுமாறாத நடையில் எழுதும் என்பதோடு, கேட்டால் அதற்குச் சான்றாக, எவரும் எழுதியிராத ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணுடன் காட்டவும் கூடும். ஆகவே மூலக் கட்டுரையைத் தேடியெடுத்துப் படிப்பதும், துறை அறிந்த ஒருவரிடம் காட்டுவதும், இயந்திரத்தின் பங்கை வாசகருக்குச் சொல்வதும் எழுதுபவர் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளன.

படத்தின் கதையும் முழுமையானதன்று. கோப்புக்குள் பதிக்கப்படும் மூலத் தகவல் நிலைத்திருக்க வேண்டும் என்னும் விதியே, ‘தொழில்நுட்பத்தால் இயன்ற அளவு’ என்றும் சேர்த்துக்கொள்கிறது. திரையைப் படம்பிடித்து அனுப்பினால் அத்தகவல் உதிர்ந்துவிடும்.

பாடத்துக்கான விளக்கப்படம்? நல்லெண்ணத்தில் செய்ததும் போலி ஆவணமாகாததுமான படத்துக்கு விலக்கு உண்டு.

மொழிபெயர்ப்பு? சாரம் மாறாதவரை அதற்கும் விலக்குதான்.

செயற்கை ஆக்கம் என்பதை யார் அறிவிக்க வேண்டும்? 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களில் பதிவேற்றுபவர். அதைச் சரிபார்ப்பது நிறுவனத்தின் கடமை.

நீக்க உத்தரவு வந்தால்? முன்பு நிறுவனத்துக்கு 36 மணி நேரம் இருந்தது, இப்போது 3 மணி நேரம்.