திரும்பி வரும் அலை – 9: காட்டிக்கொடுக்கும் செங்கோணம்

சிவாலிக் போர்க்கப்பலின் சாய்ந்த சுவர்களோடு சென்ற வாரம் நிறுத்தினோம். ரேடார் குறுக்குப் பரப்பு, அதாவது ஒரு பொருள் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு, இந்தத் தொடரின் வாசகர்களுக்குப் புதிதல்ல. கணினி அந்தக் கப்பலை எப்படிக் கணக்கிடுகிறது என்பதுதான் இந்த வாரத்துக்கான பேச்சு. அதற்கு முன் ஒரு மூலையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

அண்ணாமலையார் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் இரண்டு மதில்கள் சேரும் இடத்தில் போய் நில்லுங்கள். இரு பக்கமும் சுவர், காலடியில் கல் தளம். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இதே வடிவத்தை உலோகத் தகட்டில் செய்தால், உள்ளே நுழையும் ரேடார் அலை மூன்று முகங்களிலும் பட்டுத் தெறித்து, வந்த திசைக்கே திரும்பும். கேரம் போர்டின் மூலையில் இரண்டு பக்கமும் பட்ட காய் அடித்தவர் பக்கமே திரும்புகிறதே, அப்படி.

என்னை அசரடித்தது அதன் அளவு. 30 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரத் தகடுகள் போதும். கப்பல் ரேடார்களில் பரவலாக இருக்கும் 3 செ.மீ. அலைநீளத்தில் அந்த மூலையின் உச்சக் குறுக்குப் பரப்பு சுமார் 339 சதுர மீட்டர்! பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் குறுக்குப் பரப்பு 16 மடங்காகும். அதே அளவுள்ள ஒற்றைத் தகடு நேருக்கு நேர் நின்றால் 113 சதுர மீட்டர் காட்டும். மூன்று டிகிரி திருப்பினால் ஏறக்குறைய மறைந்துபோகும். மூலை அப்படி எளிதில் மறையாது.

கப்பலின் தளமும் அறைச் சுவரும் செங்கோணத்தில் சேர்ந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். 2010 ஏப்ரல் 29 அன்று கடற்படையில் சேர்ந்த சிவாலிக்கின் சுவர்களைச் சாய்த்தது அதனால்தான்.

ஆனால் போர்க்கப்பலுக்கு ஆகாத அந்த மூலைதான் மீன்பிடிப் படகுக்கு உயிர்க்காப்பு. மரமும் ஃபைபரும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. 2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருக்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு விசைப்படகும் சரக்குக் கப்பலும் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழ்நாட்டு மீனவர்களும் உண்டு. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அலையைத் திருப்பி அனுப்பப் படகில் மாட்டும் ரேடார் பிரதிபலிப்பானுக்கு (ரிஃப்ளெக்டர்) சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004-இல் வகுத்த தரம், 3 செ.மீ. அலைக்கு 7.5 சதுர மீட்டர். நம் கணக்கில், பிசகில்லாமல் செய்த 15 செ.மீ. மூலையே உச்சத்தில் 21 சதுர மீட்டர் காட்டும்.

இனி கணினி. அலைச் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்க, கப்பலின் வெளிப்பரப்பை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்காக, அதாவது 3 மி.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டர் பரப்புக்கு 100 கோடித் துண்டுகளைத் தாண்டிவிடும். அதனால்தான் கதிர்களை எய்து, அவை தெறிக்கும் வழியைத் தொடரும் முறையை லிங், சௌ, லீ மூவரும் 1989-இல் வெளியிட்டார்கள். அந்தக் கதிர்களின் பயணம் அடுத்த வாரம்.

அதற்குள், கடலோரத்தில் உறவினர் இருப்பவர்கள் ஒரு ஃபோன் போட்டு, படகின் கொடிமரத்தில் ரேடார் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.