வெள்ளைத் துணியில் ஓடிய படம் ஏன் மறப்பதில்லை?

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் 1950களிலும் 60களிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு முதல் சினிமாக் கொட்டகை, பந்து விளையாடும் திடல்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். சற்றுத் தள்ளி ஜெனரேட்டர் உறுமும். லயத்து வீடுகளிலிருந்து பாயையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் முதலில் ஓடிவந்து இடம் பிடிப்பார்கள். முன்பக்கம் நிறைந்துவிட்டால் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தாலும் படம் தெரியும். ஆனால் எழுத்துகள் இடம் வலமாக மாறியிருக்கும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார்.

திடலுக்குப் படம் வந்த வழியிலும் ஒரு வரலாறு உண்டு. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் தொடங்கப்பட்டது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அரசின் பட வேன்கள் செய்திப் படங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுசென்று காட்டின. திருவிழாவையோ தீபாவளியையோ ஒட்டித் தமிழ்ப் படம் வந்தால் தோட்டமே திடலில் கூடிவிடும்.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்த இரவுகளில் எது நினைவில் தங்குகிறது? இங்கிலாந்தைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் அனெட் குன் இதே கேள்வியோடு 1990களில் முதியவர்களைத் தேடிப் போனார். 1930களில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். படங்களின் கதையைச் சொன்னவர்கள் குறைவு. கொட்டகைக்கு நடந்துபோன தெரு, கூட வந்த தோழி, தின்ற தின்பண்டம் ஆகியவற்றைத்தான் அவர்கள் விரிவாகச் சொன்னார்கள். படம் நினைவிருந்தாலும் ஒரு காட்சி மட்டும் தனியே நின்றது. முன்னும் பின்னும் கரைந்துபோயிருந்தது.

அச்சம் அழுத்தும் முத்திரை

அந்த ஒரு காட்சி மட்டும் ஏன் நிற்கிறது? அமெரிக்க நரம்பியலாளர்கள் லேரி கேஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் 1994இல் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. தாயோடு நடந்துபோகும் சிறுவன் விபத்தில் சிக்கும் கதையைப் படவில்லைகளோடு சொன்னார்கள். கேட்டவர்களில் சிலருக்கு, மனக்கிளர்ச்சியின்போது சுரக்கும் நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்து சாப்பிடாதவர்களுக்கு விபத்துக் காட்சி துல்லியமாக நினைவிருந்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் துல்லியம் இல்லை. கதையின் சாதாரணப் பகுதிகளை நினைவுகூர்வதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

நெஞ்சு படபடக்கும் நேரத்தில், பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸை முடுக்கிவிடுகிறது. திரையில் வந்த முகம், முதுகில் பட்ட பனிக்காற்று, பிடித்துக்கொண்ட அக்காவின் கை மூன்றையும் ஹிப்போகாம்பஸ் ஒன்றாகக் கோத்து வைக்கிறது.

பிள்ளைகளின் பயத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேண்டர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளை நடுங்கவைத்தது, ‘ஹல்க்’ தொடரில் நல்லவன் பச்சை உருவமாக மாறும் காட்சி. அவன் உதவி செய்யவே வருகிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலாகவில்லை. சிறு வயதில் தோற்றமே பயமுறுத்துகிறது. உள்ளிருக்கும் குணத்தை எடைபோடும் திறன் பிறகுதான் வருகிறது. 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமனின் பூதம் நல்ல பூதம், பெரியவர்களைச் சிரிக்கவைத்த பூதம். ஆனால் ஜாடியிலிருந்து கிளம்பும் அந்த உருவம், மடியில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சிரிப்பாகத் தோன்றியிருக்காது.

கிறிஸ்டன் ஹாரிசனுடன் சேர்ந்து கேண்டர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் சிறுவயதில் தங்களை அச்சுறுத்திய படமோ நிகழ்ச்சியோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். ஏறத்தாழக் கால்வாசிப் பேரிடம் அந்த அச்சத்தின் மிச்சம் இன்னும் இருந்தது. சின்னக் குழந்தையிடம் “அது பொய்டா, பயப்படாதே” என்று சொல்வதைவிட அணைத்துக்கொள்வதே அதிகம் உதவும் என்பதும் கேண்டரின் முடிவு. பாயில் ஒட்டி உட்கார்ந்திருந்த பாட்டிமார் அதைத்தான் செய்தார்கள்.

ரீல் மாற்றும் நேரம்

திடலில் காட்டியவை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படச்சுருள்கள். 1,600 அடிச் சுருள் ஒன்று சுமார் 44 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்கு நான்கைந்து சுருள்கள் தேவை. இருப்பதோ ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு சுருளும் தீர்ந்ததும் துணி வெறுமையாகும். கூட்டம் பேசத் தொடங்கும். பிள்ளைகள் வாள்சண்டையை அங்கேயே நடித்துப் பார்ப்பார்கள்.

அந்த இடைவெளிக்கு மூளையில் ஒரு பயன் இருந்திருக்கலாம். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்தில் அயா பென்-யாகோவும் யாதின் துதாயும் 2011இல், குறும் படத்துணுக்குகளைப் பார்ப்பவர்களின் மூளையை அளந்தார்கள். துணுக்கு முடிந்த அந்தக் கணத்தில் ஹிப்போகாம்பஸ் எவ்வளவு தூண்டப்பட்டதோ, அவ்வளவுக்கு அது பின்னர் நினைவிருந்தது. நிகழ்ச்சி முடியும் எல்லையில்தான் மூளை அதைக் கட்டிச் சேர்க்கிறது போலும். உடனே அதைப் பேசியும் நடித்தும் பார்த்தால் நினைவு இன்னும் உறுதிப்படும். திடலின் இருட்டு இடைவேளை அதற்கு வாய்ப்புக் கொடுத்தது என்று எண்ண இடமிருக்கிறது.

எழுதிவைக்க வேண்டிய நினைவு

அந்தத் திடல்களில் பல இன்று இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டக் கணக்கேடுகள் எத்தனை ராத்தல் ரப்பர்ப் பால் வந்தது என்று சொல்லும். பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று சொல்லாது. அந்தப் பதிவு எழுபதைத் தாண்டிய மனிதர்களின் மூளையில் மட்டும் இருக்கிறது.

அதை வெளியே கொண்டுவர ஒரு முறை உண்டு. சாட்சிகளை விசாரிப்பதற்காக அமெரிக்க உளவியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் 1980களில் உருவாக்கிய நேர்காணல் முறை, சம்பவத்தைக் கேட்பதற்கு முன் சூழலை மனத்தில் எழுப்பச் சொல்கிறது. துணிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார், தரை ஈரமா என்று கேட்டுவிட்டுப் படத்துக்கு வரலாம். அண்ணன் தங்கையைத் தனித்தனியே கேட்பது நல்லது; ஒருவர் சொல்வது மற்றவரின் நினைவில் கலந்துவிடும். படத்தின் பெயரும் ஆண்டும் தவறினால் திருத்த வேண்டாம். அவற்றை நூலகத்தில் சரிபார்க்கலாம், திடலைச் சரிபார்க்க முடியாது. பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் இதை ஒரு வகுப்புப் பணியாக எடுத்துக்கொண்டால், கைப்பேசியில் பதிவுசெய்யும் பேரப்பிள்ளைகளே தோட்டத் தமிழரின் சினிமா வரலாற்றை எழுதிவிடுவார்கள். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.